துவரைக்குச் செம்மண் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

மாசி, பங்குனியில், தோல் கழன்று பருப்பாக உடைவதற்காக அம்மா துவரைக்குச் செம்மண் கட்டுவார். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, செம்மண் குழம்பில் பிசறி, சாக்குப் போட்டு மூடிவைப்பார். அப்புறம் மூன்று நாலு நாள் மொட்டைமாடி வெயில். மண்ணைப் புடைத்து எடுத்த பிறகு அப்பா திருகையைச் சுற்ற, அம்மா குழியில் அள்ளிப் போடுவார். அந்தப் பருப்புச் சாம்பாரின் மணமே வேறு! பாக்கெட் பருப்பு வந்ததும் திருகை மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

போன வாரம் 2 கிலோவில் நானே முயன்றேன். பாதி தோல் கழலவில்லை, மீதி நொறுங்கிக் குருணையாகிவிட்டது.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு செம்மண்? பதமாகக் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? மதுரைப் பக்கம் திருகை கொத்தித் தருபவர்கள் யாராவது இருக்கிறார்களா? அம்மாவிடம் கேட்டால், "கைப்பதம்தான்டா" என்கிறார். என் கைக்குத் தெரியவில்லையே!