மூளைக்குக் கொழுப்பு வேண்டுமாமே!

அப்பாவுக்கு 71 வயது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. கேட்டதற்கு, "மூளையே கொழுப்புதான்டா. அதைக் கரைச்சா மறதி வராம என்ன செய்யும்?" என்றார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். நான் கத்தினேன். பலன் பூஜ்யம்.

மறுநாள் மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் திட்டவே இல்லை. "ஐயா சொன்னதுல பாதி சரி" என்று ஆரம்பித்தார். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடம்பின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கேதான் இருக்கிறதாம். "ஆனா அது ரத்தத்துலேர்ந்து போறதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சுக்குது." கொலஸ்ட்ரால் எண்ணெய் மாதிரி, ரத்தத்தில் கரையாது. புரதம் சுமந்துகொண்டு போனால்தான் உண்டு. அப்படிப் போகிற உருண்டைகளில் ஒன்றுதான் 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்டிஎல். அந்த உருண்டையை மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் உள்ளே விடாது.

அப்புறம் எல்டிஎல் கூடினால் மூளைக்கு என்ன வந்தது? குழாய் கெடும், ரத்த ஓட்டம் குறையும். 2024ல் லான்செட் நிபுணர் குழு, மறதி நோய்க்கான காரணங்களில் நடுவயதில் கூடும் எல்டிஎல்லையும் புதிதாகச் சேர்த்ததாம்.

"நடுவயசுதானே? எனக்கு எதுக்கு?" என்று அப்பா மடக்கினார். டாக்டர், "உங்களுக்கு மாத்திரை இதயத்துக்காக. மூளைக் கணக்கு இவருக்கு" என்று என்னைக் காட்டினார். எனக்கு 44. ரத்தம் கொடுத்தேன். எல்டிஎல் 168! இப்போது இரவில் இரண்டு பேரும் சேர்ந்தே மாத்திரை போடுகிறோம். நான் மறந்தால் அப்பா போன் செய்கிறார்.

*

மறுமொழி: எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. சித்திக்கு 77 வயது, எச்டிஎல் 91. நல்ல கொழுப்பு இவ்வளவா என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 18,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023ல் வந்தது. எச்டிஎல் 80ஐத் தாண்டியவர்களுக்கு மறதி நோய் 27 சதவீதம் அதிகம். அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. டாக்டரும் எதுவும் செய்ய வேண்டாம் என்றார். சித்தியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பெருமையாவது இருக்கட்டும்.

*

மறுமொழி: அம்மா அல்சைமர் என்ற மறதி நோயோடு எட்டு வருடம் இருந்தார். கடைசி இரண்டு வருடம் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். மூளைக்குள் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதம் அபோ-ஈ. அதன் நான்காம் வகைக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை 1993ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, ஆபத்து கூடும். அண்ணன் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார், அந்த நான்காம் வகை மரபணுவின் ஒரு பிரதி அவருக்கு இருக்கிறது. "நீயும் பார்த்துடு" என்று விடாமல் சொல்கிறார். டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007ல் தன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது இந்த ஒன்றை மட்டும் தனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. மற்ற விஷயங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. இதில் நான் அவர் கட்சி. ரத்தத்தில் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் பரிசோதனை மட்டும் வருடா வருடம் எடுக்கிறேன்.