மாத்திரை சைக்கிளா, நேச்சுரல் சைக்கிளா? உறைகரு வைத்துக்கொண்டவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

என் மகள் 34-ஆவது வாரத்தில் பிறந்தாள். எஃப்.இ.டி.யில், அதாவது உறையவைத்த கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைத்ததில் தங்கிய குழந்தை. ஏழு மாதம் தாண்டியதும் பிபி ஏறியது, முகமும் காலும் வீங்கின, யூரினில் புரோட்டீன் வந்தது. இனிமேல் வைத்திருக்க முடியாது என்று சிசேரியன் செய்து எடுத்தார்கள். கொஞ்ச நாள் இன்குபேட்டரில் இருந்தாள். இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள்.

மீதிக் கருக்கள் ஆஸ்பத்திரியில் மைனஸ் 196 டிகிரியில் இருந்தன. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பித்து வந்தோம். 2021 சட்டப்படி 10 வருடத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அடுத்த குழந்தைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தபோதுதான், மறுபடியும் மாத்திரை கொடுத்துக் கர்ப்பப்பையைத் தயார்செய்யும் மாத்திரை சைக்கிள்தானா, தானாக முட்டை வெடிக்கிற மாதத்திலேயே கருவை வைக்கும் நேச்சுரல் சைக்கிள் கூடாதா என்ற கேள்வி எனக்குள் வந்தது.

எனக்கு பீரியட்ஸ் ஒழுங்காக வரும். விந்தணு குறைவு என்பதால்தான் இக்ஸிக்கு (முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கும் முறை) போனோம். ஆனாலும் முதல் தடவை, பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாளிலிருந்தே எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதுதாம்மா" என்றார் நர்ஸ்.

அந்த மாத்திரை கர்ப்பப்பையின் உள்படலமான லைனிங்கை வளர்க்கும். கூடவே நம் முட்டை வளர்வதையும் அடக்கிவிடும். லைனிங் 7, 8 மி.மீ. வந்து, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிந்தால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான ப்ரோஜெஸ்டிரோனை ஆரம்பித்து, ஆறாவது நாள் பிளாஸ்டோசிஸ்டை (ஐந்தாறு நாள் வளர்ந்த கரு) வைப்பார்கள். முட்டை வெடிக்காததால் கார்பஸ் லூட்டியமும் உண்டாகாது. முட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் மஞ்சளாகத் திரள்கிறதே, அதுதான். ப்ரோஜெஸ்டிரோனோடு ரிலாக்சின் போன்ற வேறு சிலவும் அதிலிருந்துதான் சுரக்கின்றன. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தக் குழாய்கள் இளகிக் கொடுக்க அவை உதவுவதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நமக்குத் தரும் மாத்திரையிலும் ஊசியிலும் அதெல்லாம் கிடையாது. 2019-இல் அமெரிக்காவிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்த ஆய்வுகளில், இப்படிக் கார்பஸ் லூட்டியம் இல்லாமல் கர்ப்பமானவர்களுக்குப் பிபி கோளாறு கூடுதலாக இருந்தது தெரிந்தது.

என் பிபிக்கு மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைப்பிரசவம், வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அம்மாவுக்கும் பிபி உண்டு. ஆனால் மாசாமாசம் தானாக முட்டை வெடிக்கிற உடம்பில், அதை எதற்கு அடக்க வேண்டும்?

டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனுஷி, மறைக்காமல் சொன்னார். "எப்ப வெடிக்கும்னு நான் எப்படிம்மா நாள் குறிக்கிறது? ஞாயித்துக்கிழமை வந்துச்சுன்னா லேப்ல ஆள் இருக்க மாட்டாங்க." அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் முதல் தடவையே இதைச் சொல்லியிருக்க வேண்டும். லேபின் வசதிக்காகச் செய்வதை என் உடம்பின் தேவை என்று நினைத்துக்கொண்டு அத்தனை மாத்திரையையும் விழுங்கியிருக்கிறேன். எனக்கு ஆறாத விஷயம் இது ஒன்றுதான்.

சரி என்று ஒத்துக்கொண்டார். பத்தாம் நாளிலிருந்து, முட்டை இருக்கும் குமிழ் வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். ஸ்கேன் செய்பவர் இந்த ஓரம் ஒரு புள்ளி, அந்த ஓரம் ஒரு புள்ளி வைத்து அளந்து வாய்விட்டுச் சொல்வார்: 12, 14, அப்புறம் 17. முதலில் முயன்ற மாதம், எதிர்பார்த்ததற்கு முன்பே வெடித்துவிட்டது. கேன்சல். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன். அடுத்த மாதம் 18 மி.மீ. வந்த அன்று ராத்திரி முட்டையை வெடிக்கவைக்கும் ட்ரிகர் ஊசி, அதிலிருந்து ஏழாம் நாள் டிரான்ஸ்ஃபர், அதாவது கருவை உள்ளே வைத்தார்கள். இப்போது ஆறாம் மாதம். மறுபடியும் பிபி கோளாறு வராமலிருக்க, 12-ஆவது வாரத்திலிருந்து டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் எடுக்கிறேன். காலையும் மாலையும் பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். இதுவரை நார்மல்.

மற்றவர்களும் சொல்லுங்கள். உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்தார்களா?

மதுரையிலிருந்து:

அக்கா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. நல்லபடியாகப் பெற்றெடுங்கள்.

எனக்கு பிசிஓஎஸ், முட்டை ஒழுங்காக வளர்ந்து வெடிக்காத கோளாறு. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் வரும், நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும் வரும். முழு நேச்சுரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல் கொடுத்து ஒரு முட்டையை வளரவைத்து, அது வெடித்த பிறகு கருவை வைப்பது. கார்பஸ் லூட்டியமும் கிடைக்கும். நாங்கள் அதைத்தான் முதலில் முயன்றோம். என் உடம்பு கேட்கவில்லை, எந்த முட்டைக் குமிழும் 10 மி.மீ. தாண்டவில்லை. அதனால் மாத்திரை சைக்கிள். பையன் பிறந்தான். பிபி எதுவும் வரவில்லை. எனக்கு அந்த மாத்திரை தெய்வம் மாதிரி, குறை சொல்ல மாட்டேன்.

கஷ்டம் என்றால் ப்ரோஜெஸ்டிரோன் ஊசிதான். நம் உடம்பு சொந்தமாகச் சுரக்காததால் 12 வாரம் வரை நிறுத்தக் கூடாது என்றார்கள். மருந்து எண்ணெயில் இருக்கும், கெட்டியாக இறங்கும். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடுபடுத்திவிட்டு, அவசரப்படாமல் போடச் சொல்லுங்கள். போட்ட இடத்தில் கட்டி கட்டியாக நிற்கும், ஒத்தடம் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் அன்று ரத்தத்தில் ப்ரோஜெஸ்டிரோன் அளவு பார்த்தார்கள். குறைவாக இருந்ததால்தான் வெறும் மாத்திரையோடு விடாமல் ஊசியையும் சேர்த்தார்கள். மாத்திரை சைக்கிளில் போகிறவர்கள் இந்த டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாமியாருக்கு வேறு பயம். ஃப்ரீசரில் வைத்த கரு பிள்ளையாகுமா என்று. 1978 அக்டோபர் 3-ஆம் தேதி கொல்கத்தாவில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்ததே, அதுவும் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உறையவைத்து எடுத்து வைத்த கருதான் என்று சொன்னேன். அன்றைக்கு அவரை யாரும் நம்பவில்லை. அந்த வேதனையிலேயே 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைக் கேட்டபிறகு மாமியார் மறுவார்த்தை பேசவில்லை.

நோர்வேயிலிருந்து:

எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே எனக்கு முதலிலேயே நேச்சுரல்தான் சொன்னார்கள். ஸ்கேனுக்கு அடிக்கடி போகவும் தேவையில்லை. முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.ஹெச். குச்சியில் வீட்டிலேயே காலமை பரிசோதித்து, இரண்டாவது கோடு கடுமையாக வந்ததும் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்கள் நாள் சொல்வார்கள்.

முதல் முறை தங்கவில்லை. அடுத்த முறை தங்கி, எட்டாம் வாரம் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. மாத்திரை எடுத்திருந்தால் பிள்ளை நின்றிருக்குமா என்று வைத்தியரிடம் அழுதழுது கேட்டேன். இவ்வளவு ஆரம்பத்தில் போவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் பிழையால்தான், எந்த சைக்கிளாலும் அதைத் தடுக்க இயலாது என்று பொறுமையாகக் கதைத்தார். நேச்சுரல் என்றால் தவறவே தவறாது என்று இங்கே யாரும் நம்பிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு கரு இருக்கிறது. அதையும் நேச்சுரலில்தான் வைக்கப்போகிறேன்.

கூடலூரிலிருந்து:

எனக்கும் பீரியட்ஸ் ஒழுங்குதான். ஆனால் கிளினிக் கோயம்புத்தூரில். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேனுக்கு மலை இறங்கி ஏற முடியுமா? ஸ்கூலில் லீவும் கிடைக்காது. மாத்திரை சைக்கிள் என்றால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதனால் நானே கேட்டுத்தான் அதை எடுத்தேன். போன வாரம் பீட்டா (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். இப்போது இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

திருச்சியிலிருந்து:

கூடலூர் தங்கச்சி, பயப்படாதே. நீ தெரிந்து எடுத்த முடிவு. கரு தங்கும் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நெதர்லாந்தில் ஆயிரம் பெண்கள் அளவில் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை சைக்கிளில் கர்ப்பமாகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிபி வருவதே இல்லை, மதுரைத் தங்கச்சியைப் பார்.

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊரில் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் எஃப்.இ.டி. என்று மட்டும் சொல்லாமல், மாத்திரை சைக்கிள் என்பதையும் சொல்லி ஃபைலில் எழுத வை. ஆஸ்பிரின் தேவையா என்று 12 வாரத்துக்குள் கேள், நீயாக ஆரம்பிக்காதே. ப்ரோஜெஸ்டிரோனை ஒரு வேளைகூட விடாதே. கூடலூரில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, கோயம்புத்தூரில் இருக்கும்போதே ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வந்துவிடு. 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீர் வீக்கம் என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே போ. எனக்குத் தலைவலியில்தான் ஆரம்பித்தது.