உதவி: டிரைவ் ஓயாமல் டிரிப் ஆகிறது, சோக் போட்டால் நிற்குமா?

நூல்மில்: அவசரம். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்று திரும்பத் திரும்ப டிரிப் ஆகி நின்றுவிடுகிறது. போன மாதம்தான் இன்புட் மாட்யூல் வெடித்து மாற்றினோம். சோக் (கரண்ட் போகும் வழியில் போடும் காயில்) போடச் சொல்கிறார்கள். எத்தனை மில்லிஹென்றி வாங்குவது?

பேனல்தம்பி: எத்தனை ஹெச்.பி.? டிஸ்பிளேயில் என்ன வருகிறது?

கரிமண்: எர்த் பிட்டில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் சார். பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

சீனியர்415: "டிரிப் ஆகிறது" என்றால் டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. மேனுவல் என்று ஒன்று கொடுப்பார்கள், பார்த்ததுண்டா?

நூல்மில்: மன்னிக்கணும். 15 ஹெச்.பி., ஹியூமிடிட்டி பிளான்ட் ஃபேன். ஓவர் வோல்டேஜ் காட்டுகிறது.

ரெசிஸ்டர்ராஜா: டிசெல் நேரத்தை, அதாவது வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். இல்லையென்றால், நிறுத்தும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தைச் சூடாக்கிக் கரைக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர்.

பேனல்தம்பி: நிறுத்தும்போதா, ஓடும்போதா?

நூல்மில்: ஓடும்போதே. பக்கத்து கெபாசிட்டர் பேனலில் கான்டாக்டர் (சுவிட்ச்) 'டக்' என்றதும் டிரைவ் விழுகிறது. இப்போதுதான் நின்று கவனித்தேன்.

பேனல்தம்பி: அப்படியானால் அதுதான். 415 வோல்ட் சப்ளைக்கு டிரைவுக்குள் இருக்கும் டி.சி. பஸ் வோல்டேஜ் 560 முதல் 587 வரை இருக்கும். கெபாசிட்டர் சேரும்போது வரும் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) அதை 800 பக்கம் தூக்கினால் டிரைவ் கையைத் தூக்கிவிடும். 3% த்ரீ ஃபேஸ் சோக் (முழு லோடில் 3% வோல்டேஜ் அதில் இறங்கும்) போடுங்கள். 24 ஆம்பியருக்குச் சுமார் 1 மில்லிஹென்றி.

கரிமண்: எங்களிடம் 7% இருக்கிறதே?

பேனல்தம்பி: அண்ணா, அது கெபாசிட்டரோடு சீரீஸில் போடுவது. 189 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தது. இதற்கு ஆகாது.

சீனியர்415: டிரைவுக்குள்ளேயே டி.சி. சோக் இருந்தால் வெளியே இன்னொன்று தண்டம்.

பேனல்தம்பி: சார், அது ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னால் இருக்கிறது. ஹார்மானிக்ஸை, அதாவது லைன் கரண்டின் அலை கெடுவதைக் குறைக்கும். லைனில் வரும் சர்ஜ் முதலில் மோதுவது ரெக்டிஃபயரில்தானே? போன மாதம் இன்புட் மாட்யூல் என்று வெடித்ததும் அதுதானே?

சீனியர்415: நான் டிரைவ் பார்க்க ஆரம்பித்தபோது தம்பி ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டார்.

ரெசிஸ்டர்ராஜா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிங் ரெசிஸ்டரை ஏன் யாரும் பேசவில்லை?

நூல்மில்: சோக் போட்டாச்சு. அப்படியும் டிரிப்!

பேனல்தம்பி: எந்தப் பக்கம்?

நூல்மில்: மோட்டார் பக்கம். எலக்ட்ரீஷியன் யு, வி, டபிள்யூவில் கொடுத்திருக்கிறார்.

சீனியர்415: அடடா. அது மோட்டார் கேபிள் நீளமாக இருந்தால் போடுவது. சப்ளை சர்ஜுக்கு டிரைவின் முன்னால், ஆர், எஸ், டி பக்கம். இதில் தம்பி சொன்னது சரி.

நூல்மில்: மாற்றினோம். நாலு நாளாக டிரிப் இல்லை. ஆனால் சோக் உர்ரென்று சத்தம் போடுகிறது, கை வைக்க முடியாத சூடு. பரவாயில்லையா?

பேனல்தம்பி: லோடில் சுடும், கொஞ்சம் உறுமவும் செய்யும். காற்றோட்டம் விட்டிருக்கிறீர்களா? கோர் போல்ட் டைட்டா?

கரிமண்: எர்த் பிட் பார்த்தீர்களா?

பேனல்தம்பி: @நூல்மில் இருக்கிறீர்களா?