லெல்லா லொம்பார்டிக்கு ஏன் அரைப் புள்ளி?

ஈசூன் வாசகர்:
அன்பர்களுக்கு வணக்கம். மரினா பே தடத்தில் எஃப்1 அகாடமி பெண்கள் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து, உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் கார்ப் பந்தய வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறாள். ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டியில் இதுவரை புள்ளி பெற்ற ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி என்றும், அவர் பெற்றது அரைப் புள்ளி என்றும் அறிந்தவுடன், "பெண் என்பதால் பாதியைக் குறைத்துவிட்டார்களா, அப்பா?" என்று கேட்டாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தெம்பனிஸ் வாசகர்:
இல்லை ஐயா, அன்று எல்லாருக்குமே பாதிதான். 1975 ஏப்ரல் 27 அன்று பார்சலோனாவின் மோன்ஜுயிக் தடத்தில் அந்தப் பந்தயம் நடந்தது. ஓரத்து இரும்புத் தடுப்புகளின் போல்ட்டுகள் சரியாக முடுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்ததால், அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் முடுக்க வேண்டியதாயிற்று. பந்தயத்தின்போது ரோல்ஃப் ஸ்டொமெலன் ஓட்டிய காரின் பின்னிறக்கை முறிந்து, கார் தடுப்பைத் தாண்டி விழுந்ததில், அப்பால் நின்றவர்கள் உயிரிழந்தார்கள். 75 சுற்றுகளில் 29 முடிந்த நிலையில் நிறுத்தியதால், வென்ற யோஹன் மாஸுக்கு 9-க்குப் பதில் 4.5 புள்ளியும், ஆறாவதாக வந்த லெல்லாவுக்கு 1-க்குப் பதில் 0.5 புள்ளியும் கிடைத்தன.

ஜூரோங் வாசகர்:
முன்னால் சென்ற பலர் விபத்தில் விலகியதால்தான் ஆறாமிடம் அவருக்கு வாய்த்தது என்பதையும் சொல்லுங்கள். முதலிடத்துக்கு அவர் இரண்டு சுற்றுகள் பின்தங்கியிருந்தார்.

பிடோக் வாசகி:
அது உண்மைதான், ஆனால் அத்தனை பேர் மோதி விலகிய தடத்தில் காரைச் சிதையாமல் ஓட்டியவரின் நிதானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அண்ணா. அதே ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்கிரிங்கில், ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தடத்தில், அவர் ஏழாவதாக வந்தார். அன்று முதல் ஆறு பேருக்கு மட்டுமே புள்ளி. இன்றைய விதிப்படி அந்த ஏழாமிடத்துக்கு 6 புள்ளிகள். இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்து, கடை வேனை ஓட்டிப் பழகி அங்கு வந்தவர் அவர். எனக்கு அந்த அரைப் புள்ளியைவிட ஏழாமிடமே பெரிதாகத் தோன்றுகிறது.

ஈசூன் வாசகர்:
நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தன் குறிப்பேட்டில் 0.5-க்குப் பக்கத்தில் மாஸின் 4.5-ஐயும் எழுதிக்கொண்டாள். 1958-இல் பெல்ஜியத்தில் மரியா தெரேசா தே ஃபிலிப்பிஸ் என்ற பெண் ஓட்டுநர் பத்தாவதாக வந்ததற்கும் இன்றைய விதிப்படி இப்போது அவளே கணக்குப் போடுகிறாள்.