குழந்தைகளுக்குச் சரிவில் ஓடும் வண்டி: ஸ்டியரிங், பிரேக் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. ஒன்பது வயது மகளுக்கு, இன்ஜின் இல்லாமல் சரிவில் உருண்டோடும் வண்டி ஒன்று செய்கிறேன். நாம் சின்ன வயதில் ஓட்டிய பேரிங் வண்டிதான், ஆனால் பாதுகாப்பாக வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் தளம், 12 அங்குல சைக்கிள் சக்கரங்கள் என்பது வரை முடிவாகிவிட்டது.

ஸ்டியரிங்கில்தான் குழப்பம். முன் அச்சை நடுவில் ஒரே போல்ட்டில் மாட்டிக் கயிற்றால் திருப்புவது எளிது. ஆனால் வேகத்தில் அச்சு அதிகமாகத் திரும்பினால் வண்டி கவிழ்ந்துவிடும். இருபுறமும் தடுப்புக் கட்டை அடித்தால் போதுமா, இல்லை கோ-கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) மாதிரி டை ராடு, அதாவது ஸ்டியரிங் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கம்பி, வைப்பதா?

அப்புறம் பிரேக். பின் சக்கரம் இரண்டையும் ஒரே மிதி சமமாகப் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். குழந்தையின் கால் பலத்துக்கு எது சரிவரும்? செய்து பார்த்தவர்கள் படமோ வரைபடமோ போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.