கையெழுத்துப் போடுவது யார்? (கீழத்தெருத் தம்பியின் உடல் வந்த கதை)

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் துபாயில் இறந்துபோன நம் கீழத்தெருத் தம்பியின் உடல் வீடு வந்து சேர ஆறு நாள் ஆனது. "பணம் பத்தலையா அண்ணே, சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதியிருந்தீர்கள். பணத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகவில்லை. ஆறு நாளில் மூன்று நாளைத் தின்றது ஒரே ஒரு கடிதம்.

தூக்கத்தில் மாரடைப்பு. தங்கும் அறையில் நடந்ததால் முதலில் போலீஸ் வந்தது, அப்புறம் பிணவறை. சந்தேகம் இல்லை என்று அந்த வேலை மறுநாளே முடிந்துவிட்டது. கம்பெனி ஆள், "ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே தகனமா? ஊரில் யார் வாங்கிக்கொள்வார்கள்? குடும்பம் எழுதித் தரட்டும்" என்றார். நியாயமான கேள்விதான். தம்பியின் அண்ணன் உடனே தன் பெயரில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மனைவி இருக்கும்போது அண்ணன் கையெழுத்து செல்லாது என்று திரும்பி வந்தது. மனைவி எழுதிய கடிதத்தில் தம்பியின் பெயர் ஆதாரில் உள்ளபடி இருந்தது. பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அதுவும் திரும்பியது. நடுவில் சனி, ஞாயிறு. மூன்றாவது கடிதம்தான் தேறியது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இனிஷியல் வில்லங்கம் உண்டு. இன்றே எடுத்துப் பாருங்கள்.

கடிதம் கிடைத்ததும் மற்றவை சங்கிலி போல நகர்ந்தன. இறப்புச் சான்றிதழ், துணைத் தூதரகத்தில் பதிவு, பாஸ்போர்ட் ரத்து, தூதரகத்தின் தடையில்லாக் கடிதம், துபாய் முகைஸ்னாவில் எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது), அதற்கான சான்றிதழ், பிறகு கார்கோ. நம் நாட்டுப் பக்கம் 2023 ஆகஸ்ட் முதல் இ-கேர் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தடையில்லாக் கடிதம், ரத்தான பாஸ்போர்ட் நகல் ஆகிய நான்கையும் அதில் ஏற்றினால், இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அனுமதிக்கு வழி பிறக்கும். முன்பு இதற்காக ஒருவர் அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.

செலவு யாருடையது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அமீரகத்தில், குடும்பம் கேட்டால், உடலைத் தயார்செய்து அனுப்பும் செலவு வேலை கொடுத்தவருடையது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். விசா முடிந்து ஒளிந்து வேலை பார்த்தவர், முதலாளியே இல்லாதவர் என்றால் தூதரகத்தின் சமூக நல நிதியைக் கேட்கலாம். 2009-இல் தொடங்கியது. வசதி இல்லை என்று காட்ட வேண்டும். குடிபெயர்வு அனுமதி முத்திரையோடு போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு: விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். மூன்று வருடத்துக்குப் பிரீமியம் 375 ரூபாய்தான், ஏஜென்ட் கட்டியிருப்பார். ஆனால் பாலிசித் தாள் எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வீட்டிலும் தெரியவில்லை.

2024 ஜூனில் குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்தவர்களை விமானப்படை விமானமே கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் ஏழு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த சாவு அது. அறையில் தனியாகப் போகிறவனுக்கு அப்படியெல்லாம் வராது. நாம்தான் ஓட வேண்டும்.

திருச்சி கார்கோ வாசலில் அதிகாலை நான்கு மணிக்கு நின்றேன். கையெழுத்துப் போட்ட பிறகு டிராலியில் மரப்பெட்டி வந்தது. மேலே ஒட்டிய தாளில் பெயரும் ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண்ணும். தம்பியின் மச்சான் அந்த எண்ணைத் தன் கையில் இருந்த தாளோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது என்றதும்தான் உட்கார்ந்து அழுதார்.

வீட்டில் இன்னொரு சங்கடம். பெட்டிக்குள்ளே தகரம் வைத்து மூடியிருக்கிறார்கள். ஆணி பிடுங்க ஆசாரியை அழைத்துவர அரை மணி நேரம். திறந்ததும் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. குளிப்பாட்ட வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதமாக நின்றார். கடைசியில் நெற்றியில் மட்டும் தண்ணீர் தொட்டு வைத்து விபூதி பூசினோம். தகரத்தோடு எரிக்க முடியாது, உடலை வெளியே எடுக்கத்தான் வேண்டும். கையுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.

இன்னொன்று. நம் ஊர்ச் சுடுகாட்டில் எரித்தாலும் இறப்பு இங்கே பதிவாகாது, இறந்த இடத்தில்தான் பதிவு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது அந்த நாட்டுச் சான்றிதழும் தூதரகப் பதிவும்தான் கையில் இருக்கும். அசலைப் பத்திரப்படுத்துங்கள். தம்பிக்குக் கம்பெனியிலிருந்து வர வேண்டிய கணக்குப் பணமும் வங்கியில் கிடப்பதும் அந்த வாரிசுச் சான்றிதழுக்காகத்தான் காத்திருக்கின்றன.

அங்கேயே தகனம் செய்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். துபாயில் ஜபல் அலியில் இந்துக்களுக்குத் தகன மேடை இருக்கிறது. குடும்பம் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பெட்டி, எம்பாமிங், கார்கோ எதுவும் வேண்டாம், சாம்பல் மட்டும் ஊர் வரும். எனக்கு அதுவே போதும் என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முகம் பார்க்காமல் எப்படி என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் தாளை நான் இன்னும் மாற்றவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் அரைப்பக்கம் எழுதுங்கள். ஊருக்கா அங்கேயா, யார் கையெழுத்துப் போடுவார், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், கம்பெனியில் யாருக்குப் போன் போடுவது, பாலிசி எங்கே. ஒரு நகல் வீட்டில், ஒன்று அறையில் கூட இருப்பவரிடம். தயவுசெய்து பாஸ்போர்ட் நகலை இந்தக் குழுவுக்கு அனுப்பாதீர்கள், முன்னூறு பேர் பார்ப்பார்கள். சங்கத்தில் வைக்க விரும்புகிறவர்கள் உறையில் போட்டு ஒட்டி, பொங்கலுக்கு வரும்போது பொருளாளர் மாமாவிடம் கொடுத்தால் போதும்.