புதுப்பிப்பு: மார்க் 2 அம்பாசிடரில் மார்க் 4 டோர் பேட்

ஐயா காலத்து மார்க் 2 அம்பாசிடர் காருக்கு, 1979-இல் வந்த மார்க் 4-இன் டோர் பேட் (கதவின் உட்புறத்தை மூடும் ரெக்சின் ஒட்டிய அட்டை) பொருந்துமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொருந்தும், ஆனால் அப்படியே இல்லை.

முன்கதவில் சுற்றளவு சரியாக உட்கார்ந்தது. பாடியை இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனிக்காரர்கள் பெரிதாக மாற்றாமலே ஓட்டியதில் நமக்கு லாபம். தகராறு ஓட்டைகளில்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கான ஓட்டை ஒரு விரல் தள்ளி நின்றது. ஆர்ம்ரெஸ்ட் ஸ்குரூ பிடிக்க என் கதவுத் தகட்டில் இடமே இல்லை. முடுக்கினால் சும்மா சுற்றியது.

காரைக்குடி குஷன் கடை அண்ணன்தான் வழி சொன்னார்: "பழைய அட்டையைத் தூக்கிப் போட்றாதீங்க தம்பி, அதுதான் அச்சு." அதைப் புது ஹார்டுபோர்டின் மேல் வைத்து, பென்சிலால் ஓட்டைகளைக் குறித்து அறுத்தார். அப்புறம் மார்க் 4 பேடிலிருந்து ரெக்சினை உரித்து அதில் ஒட்டினார். ஆர்ம்ரெஸ்டை விட்டுவிட்டோம், பழைய வண்டிக்கு அதுதான் அழகு.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் பாலிதீன் ஷீட் ஒட்டாவிட்டால் ஹார்டுபோர்டு ஊதிவிடும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் அடைப்பு நீங்கக் குத்திவிடுங்கள்.

பின்கதவுகள் பாக்கி. மெரூன் ரெக்சின் பத்தாது போலிருக்கிறது, யாரிடமாவது துண்டு இருந்தால் சொல்லுங்கள்.